வலப்பக்கம் போன பந்து

என் புருசன் கத்தாருக்குப் போவதா வேண்டாமா என்பது ஒரு கோல்ஃப் ஆட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் பெயர் கிருஷ்ணராஜ். ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். திகனவுக்கு மேலே, நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் கோல்ஃப் கழகத்துக்குப் புல் வெட்டப் போனார். பிறகு அங்கத்தவர்களின் மட்டைப் பையைச் சுமந்தார். அவர்கள் போன பிறகு அந்தியில் தானும் அடித்துப் பழகினார். கடைசியில் பையின் சொந்தக்காரர்களைவிட நன்றாக அடிக்கிறவர் ஆகிவிட்டார். அங்கே உதவிப் பயிற்றுநர் வேலை ஒன்று காலியானபோது, வெளியாள் எதற்கு, இவருக்கே கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. ஆனால் அதற்கு ஒரு சோதனை இருந்தது. கழகத் தலைவரும் இன்னொருவரும் கூடவே நடந்து பார்க்க, பதினெட்டுக் குழிகளையும் எண்பது அடிக்குள் முடிக்க வேண்டும். இந்த விளையாட்டில் குறைய அடிக்கிறவன்தான் கெட்டிக்காரன். ஓர் அடி கூடினாலும் வேலை இல்லை.

வேலை இல்லாவிட்டால் கத்தார். அங்கே சாரதி வேலைக்கு எல்லாம் பேசி, கண்டி டவுன் ஏஜென்சிக்காரனிடம் பாஸ்போட்டும் கொடுத்தாயிற்று. "பை தூக்கி இனி காலந்தள்ள ஏலாது பிரேமி. இது கெடச்சா நிப்பேன். இல்லாட்டிப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டார். அவர் அதிகம் பேசாத மனுசன். ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். எனக்கு அவர் போகக் கூடாது. ஏன் என்று யாராவது கேட்டால் பதில் சொல்வதற்கு முன் அழுதுவிடுவேன், அதனால் யாரையும் கேட்கவிடவில்லை.

சீசன் பாதியில் மட்டைகளைச் சோதித்துச் சரிபார்ப்பது அந்தக் கழகத்தில் வழக்கம். அடிக்க அடிக்க அவற்றின் இரும்புத் தலைகள் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துவிடுமாம். பிடியின் ரப்பரும் வழுவழுத்துவிடுமாம். சோதனைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை இவரும் தன் மட்டைகளைக் கொண்டுபோகக் கிளம்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்லா ஓடுற வண்டிய எதுக்குங்க கழட்டிப் பாக்கணும்? சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதையாப் போயிரும்."

"வண்டின்னா சேவிஸ் பண்ணத்தான் வேணும் புள்ள."

"சோதன முடிஞ்சதும் பண்ணுங்களேன்."

"சோதனைக்குத்தானே பண்றேன்" என்றார். நானும் கூடவே பஸ் ஏறினேன். தனியாக விட்டால் என்ன செய்துகொண்டு வருவாரோ என்ற பயம்.

மட்டைகளைச் சரிபார்க்கிற ரிஸ்மியின் வீடு மடவளையில். டுபாயில் ஒரு கோல்ஃப் கடையில் வேலை பார்த்துவிட்டு, மட்டை வளைக்கிற இயந்திரத்தையும் கையோடு கொண்டுவந்து வீட்டு முன்னறையில் வைத்திருந்தார். கெட்டிக்காரர், பழகவும் நல்ல மனுசன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் மனைவி மஸாஹிரா தரையைத் துடைத்து முடித்திருந்தார். அடித்துக் காட்ட வேண்டி வரும் என்பதால் இவர் தடித்த அடியுள்ள கோல்ஃப் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எல்லாரும் செய்வதுபோல நாங்களும் செருப்பையும் சப்பாத்தையும் வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனோம்.

ரிஸ்மி தரையில் ஒரு கறுப்புப் பலகையை வைத்தார். மட்டையின் அடிப்பாகத்தில் ஒரு டேப்பை ஒட்டினார். பலகையின் மேல் பந்தை வைத்து, எதிரில் தொங்கிய வலைக்குள் அடிக்கச் சொன்னார். அடித்த பிறகு டேப்பில் எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பது. நடுவில் தேய்ந்திருந்தால் மட்டை ஆளுக்குப் பொருத்தம். இவருடையது ஒவ்வொன்றும் ஆளுக்குக் கிட்டின பக்கமாகத் தேய்ந்திருந்தது. மட்டைத் தலையின் மறுபக்கத்து மூக்குத் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

ரிஸ்மி உதட்டைப் பிதுக்கினார். மட்டைகள் தேவைக்கு மேல் நிமிர்ந்திருக்கின்றனவாம். "எல்லாமே நிமிந்து ஈக்கி மச்சான். கொஞ்சம் படுக்க வெக்கோணும்."

"அவ்வளவுக்கா?" என்றார் இவர். முகம் சுண்டிவிட்டது. "நல்லாத்தானே அடிச்சிக்கிட்டு இருந்தேன்?"

"நல்லாத்தான் அடிக்கிறீங்க. ஸ்டிக் சரியா ஈந்தா இன்னும் நல்லா அடிப்பீங்க."

அந்த நேரத்தில் இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரிஸ்மி மட்டையின் தலையை இயந்திரத்தில் இறுக்கி, கழுத்தில் ஒரு நீண்ட இரும்புத் தடியைக் கொளுவி அழுத்தினார். இரும்பு முனகியது. என் பல்லெல்லாம் கூசியது.

"ஒடஞ்சிறாதுங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

"வார்ப்பு இரும்புன்னா ஒடையும் தங்கச்சி. இது அடிச்சுச் செஞ்சது. ஒடையாது, இன்ஷா அல்லாஹ்."

அந்த இன்ஷா அல்லாஹ்வுக்குப் பிறகுதான் எனக்குப் பயம் இன்னும் கூடியது. கடைசி மட்டை வரைக்கும் கந்தனையும் கதிர்காமத்தையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் உடையவில்லை. திரும்ப அடித்துப் பார்த்தபோது எல்லாமே நட்டநடுவில் தேய்ந்தன. மஸாஹிரா இஞ்சி போட்டுப் பால் இல்லாத பிளேன்டி கொண்டுவந்து தந்தார். ஆண்கள் இருவரும் பரீட்சையில் பாசான பிள்ளைகள் போல ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

அன்று பின்னேரம் வீட்டுக்குக் கிட்டே இருக்கும் விளையாட்டுத் திடலில் இவர் அடித்துப் பார்த்தார். ஒரே சேறு. நல்ல சப்பாத்தை அதில் தோய்க்க மனமில்லாமல் வெறுங்காலோடு இறங்கினார். பந்து நூல் பிடித்ததுபோல நேரே போனது. "பாத்தியா?" என்றார். பார்த்தேன். என் வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. சோதனை நாள்வரை அந்த மட்டைகளைத் தொடவே முடியவில்லை.

சோதனைக்குப் பை சுமக்க ஓர் ஆளை அவரே கூட்டி வரலாம். கூட்டாளிகளில் ஒருவனைக் கூப்பிட்டால் மற்றவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று என்னைக் கூட்டிப் போனார். காமன்ட் தையல் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நான் போனேன். மட்டைப் பையைவிட என் நெஞ்சுதான் பாரமாக இருந்தது.

கழகத் தலைவர் தென்னகோன், உயரமான சிங்களப் பெரியவர். பேச்சுக் குறைவு. மற்றவர் நடராஜா முதலாளி, கண்டி டவுனில் துணிக்கடை வைத்திருப்பவர், நம்ம ஆள்தான். நம்ம ஆள் என்பதால்தான் இவரைக் கண்டால் அவருக்கு ஆகாது. தோட்டத்திலிருந்து வந்தவனை நாலு பேர் முன்னால் தமிழில் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்கிற எரிச்சல் அவருக்கு.

முதல் அடியை இவர் பெரிய மட்டையால் அடித்தார். நேராகப் போனது. ரிஸ்மி வளைத்தது இரும்பு மட்டைகளை மட்டும்தான், இதைத் தொடவில்லை. இரண்டாவது அடிக்கு இரும்பை எடுத்தார். பந்து கிளம்பிய வேகத்தில் வலப்பக்கம் விலகி, புதர்ப் பற்றைக்குள் விழுந்தது. சரி, பதற்றம் என்று நினைத்தேன். அடுத்த குழியிலும் வலப்பக்கம் போனது. அதற்கடுத்ததிலும் அப்படியே.

"இடது பக்கமாப் பாத்து அடிங்களேன்" என்று முணுமுணுத்தேன். அப்படியே அடித்தார். அது இடப்பக்கத்திலேயே நின்றுவிட்டது. அதோடு தன் கைமேலேயே அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. அடிக்கு முன் அரை நிமிசம் நின்று யோசிக்கிறார். அப்படி யோசித்து அடிக்கிற ஆளே இல்லை. நடராஜா முதலாளி ஒவ்வொரு தடவையும் "த்சொ, த்சொ" என்று நாக்கைக் கொட்டினார். அனுதாபம் மாதிரித்தான் கேட்கும். அந்த நாக்கை இழுத்து அறுக்கலாம் போலிருந்தது எனக்கு.

மனசுக்குள் ரிஸ்மியைத் திட்டித் தீர்த்தேன். டுபாய்க்காரன், பெரிய மெசின்காரன், என் குடியைக் கெடுத்துவிட்டான் என்று. ஒன்பது குழி முடிந்தபோது நாற்பத்துமூன்று அடி ஆகியிருந்தது. மிச்ச ஒன்பதையும் முப்பத்தேழுக்குள் முடிக்க வேண்டும். இவர் நல்ல நாளில் அதைச் செய்வார். அன்று நல்ல நாளா?

பாதி வழியில் தண்ணீர் குடிக்க ஒரு கொட்டில் இருக்கிறது. தலைவரும் முதலாளியும் உள்ளே போனார்கள். இவர் வெளியே என் பக்கத்தில் நின்றார். சப்பாத்துக்குள் மணல் கல் ஒன்று புகுந்துவிட்டது போலும், இரண்டையும் கழற்றி உதறினார். முகத்தில் இரத்தமே இல்லை.

"ஏஜென்சிக்குப் போன் எடுத்துச் சொல்லிரு பிரேமி, நான் வாறேன்னு" என்றார்.

நான் பதில் சொல்ல அவர் முகத்தைப் பார்த்தேன். வழக்கமாக அண்ணாந்து பார்க்க வேண்டும். இப்போது அவ்வளவு அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. சப்பாத்து இல்லாமல் ஆள் கொஞ்சம் குள்ளமாகிவிட்டார். அவ்வளவுதான் விசயம். ஆனால் எனக்கு உடம்பு முழுக்கச் சுரீர் என்றது.

"என்னாங்க, ரிஸ்மி அண்ணன் வீட்டுல நீங்க சப்பாத்துப் போட்டிருந்தீங்களா?"

"வீட்டுக்குள்ள யாரு சப்பாத்துப் போடுவா?"

"தெடல்ல அடிச்சீங்களே, அப்போ?"

அவர் கையில் இருந்த சப்பாத்தின் தடித்த அடியைப் பார்த்தார். வெறுங்காலோடு நின்றால் கை தாழ்ந்துவிடும். கை தாழ்ந்தால் மட்டையின் மூக்குத் தூக்கும். அதைப் பார்த்துவிட்டு மட்டைதான் கோணல் என்று ரிஸ்மி வளைத்திருக்கிறார். பாவம், மட்டைகளில் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை. இப்போது சப்பாத்தோடு அடித்தால் அதே மூக்குத் தரையில் குத்துகிறது, பந்து வலப்பக்கம் ஓடுகிறது. மூன்று பேர் அந்த அறையில் நின்றோம், ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் துடைத்த தரையில் சப்பாத்தோடு ஏறுகிற துணிச்சல் எங்களில் யாருக்கு இருந்திருக்கும்?

"ஆட்டத்துக்கு நடுவுல ஸ்டிக்க வளைக்க ஏலாது. ரூல்ஸ்ல இல்ல" என்றார்.

"ஸ்டிக்க வளைக்க வேணாம். சப்பாத்தப் போடாம அடிங்க."

"பைத்தியமா உனக்கு? மொதலாளிக்கு முன்னாடி வெறுங்காலோடயா?"

எனக்குத் தெரியும் அது அவருக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று. புல் வெட்டிய காலத்தில் இதே இடத்தில் அவரை 'வெறுங்காலன்' என்று கூப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். சப்பாத்து வாங்கிய நாள் தொடக்கம் அதைத் துடைத்துப் பேப்பரில் சுற்றி வைக்காமல் படுத்ததில்லை. அதெல்லாம் தெரிந்தும் எனக்குக் கோபம்தான் வந்தது. பயம் முற்றினால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

"சரிங்க. சப்பாத்தோடயே கத்தாருக்குப் போங்க. அங்க நல்லா மினுக்கி வைக்கலாம்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு காலுறையையும் கழற்றிச் சுருட்டி என் கையில் தந்தார்.

நடராஜா முதலாளி வெளியே வந்து அந்தக் கால்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "என்ன தம்பி, தோட்டத்துப் பழக்கத்தக் காட்டுறீங்களா?"

இவர் காதுமடல் சிவந்தது. தென்னகோன் கால்களைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார். "முதலில் விளையாடட்டும். சப்பாத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். பிறகு பேசுவோம் என்றால் என்ன அர்த்தம்? ஆட்டமே செல்லாது என்று சொல்லிவிடுவாரோ? அந்தக் கவலையை ஒன்பது குழிகளுக்கும் நான்தான் சுமந்தேன், பையோடு சேர்த்து.

இரும்பால் அடித்த முதல் பந்து மேலே எழும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தொம் என்று விழுந்த சத்தம் கேட்டுத்தான் திறந்தேன். கொடிக்கு நேர் கீழே கிடந்தது.

அதற்குப் பிறகு பந்து சொன்ன சொல் கேட்டது. எனக்குத்தான் மூச்சுச் சீராகவில்லை. மழையில் ஊறிய புல்லிலிருந்து அட்டை ஏறி, இவருடைய கணுக்காலில் இரத்தம் வழிந்தது. குனிந்து பிடுங்கப் போனேன். "விடு, இப்ப வேணாம்" என்றார். கல் பாவிய பாதையில் நடந்தபோது பாதம் நொந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். ஒரு குழியில் ஓர் அடி வீணாகப் போனது, அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்திருப்பேன். அடுத்ததில் அந்த அடியை மீட்டுவிட்டார். கடைசிக் குழிக்கு வந்தபோது நான்கு அடி மிச்சம் இருந்தது.

மூன்றில் குழிக்குக் கிட்ட வந்துவிட்டார். நாலாவது, மெதுவாகத் தட்டி உருட்ட வேண்டிய பந்து. ஒரு கட்டில் நீளம் இருக்கும். பந்து உருண்டு குழியின் விளிம்பில் தயங்கி, பக்கவாட்டில் எட்டிப் பார்த்து, விழுந்தது. எண்பது.

தென்னகோன் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார், முகத்தில் சிரிப்பு இல்லை. "சப்பாத்துக் கடிச்சிருச்சின்னு சொல்லுங்க" என்று இவர் காதில் கிசுகிசுத்தேன். "வேற ஒண்ணும் சொல்லிறாதீங்க."

"கிருஷ்ணராஜ், கழகத்துக்கென்று உடை ஒழுங்கு இருக்கிறது" என்றார் தலைவர். "சப்பாத்து இல்லாமல் ஆடிய ஆட்டத்தை நான் எப்படி எழுதுவது? காரணம் வேண்டும்."

நடராஜா முதலாளிக்கே ஏதோ மனம் இளகிவிட்டது போலிருந்தது. "கால்ல புண்ணு கிண்ணு இருந்தா சொல்லிருங்க தம்பி. அப்பிடின்னா பாத்துக்கலாம்" என்றார். பொய்யை வாழையிலை போட்டுப் பரிமாறி வைத்துவிட்டார். எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான் பாக்கி.

இந்த மனுசன் சாப்பிடவில்லை.

"புண்ணு இல்லீங்க சேர். என்னோட பிழ. ஸ்டிக்க அளக்கக் குடுத்த எடத்துல வீட்டுக்குள்ள போறோமேன்னு சப்பாத்தக் கழட்டிட்டேன். வெறுங்காலோட அளந்தது, சப்பாத்தோட அடிச்சா சரிவராது. பாதி ஆட்டத்துலதான் வெளங்கிச்சி." தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை சொன்னார், யாருக்கும் விளங்காமல் போய்விடக் கூடாது என்பதுபோல.

அங்கத்தவர்களின் மட்டை பொருத்தமா என்று பார்ப்பதும் அந்த உதவிப் பயிற்றுநர் வேலையில் பாதி. அதற்குத்தான் ஆள் தேடுகிறார்கள். அவர்களிடம் போய், எனக்கு என் மட்டையையே அளக்கத் தெரியவில்லை என்கிறார். விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"சரியாப் போச்சு" என்று நடராஜா முதலாளி சிரித்தார். "தன்னோடத அளக்கத் தெரியாதவர் நமக்குச் சொல்லிக் குடுக்கப் போறாராம்!"

தென்னகோன் சிரிக்கவில்லை. "யார் அளந்தது?" என்று கேட்டார்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "அவரச் சொல்லிக் குத்தமில்ல சேர். சப்பாத்தோட நிக்கணும்னு எனக்குத்தான் தெரிஞ்சிருக்கணும்."

"நான் குற்றம் கேட்கவில்லை. மடவளை ரிஸ்மியா?"

"ஆமாங்க சேர்."

பெரியவர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக நடராஜா முதலாளியின் பக்கம் திரும்பினார்.

"நடராஜா, உங்கள் மட்டைகளையும் போன மாதம் அங்கேதானே கொடுத்தீர்கள்?"

முதலாளியின் சிரிப்பு அப்படியே நின்றது.

"நீங்களும் வாசலில் கழற்றிவிட்டுத்தானே போனீர்கள்? நானும் கழற்றினேன்" என்றார் தென்னகோன். "அன்று தொடக்கம் என் பந்து வலப்பக்கம்தான் போகிறது. வயதாகிவிட்டது என்று நினைத்தேன்."

"ஐயோ!" என்றார் முதலாளி, நெற்றியில் அடித்துக்கொண்டு. "நான் கண்ணுலதான் கோளாறுன்னு பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணெல்லாம் காட்டிட்டு வந்தேனே! புதுக் கண்ணாடிக்கும் சொல்லியாச்சே!"

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. நான் இல்லை. தலைவர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். தங்கள் இருவருக்கும் ஒரு மாதமாகத் தெரியாததை இவர் அரை நாளில் கண்டுபிடித்துவிட்டாரே, இவரைவிட வேறு ஆளுக்கு எங்கே போவது என்றார். இவர் உடனே, "நான் இல்ல சேர், இவதான் கண்டுபிடிச்சா" என்று என்னைக் காட்டினார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவரால் முடியாது. தலைவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். வந்ததும் முதல் வேலையாகத் தங்கள் இருவரையும் மட்டைகளோடு ரிஸ்மி வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றும், இந்தத் தடவை சப்பாத்தோடு நின்று அளக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"அது சரி வராதுங்க சேர்" என்றார் என் புருசன். வேலை கிடைத்து ஒரு நிமிசம் ஆகவில்லை, அதற்குள் தலைவருக்கே மறுப்பு. "அவங்க தொழுகிற வீடு. சப்பாத்தோட உள்ள போக ஏலாது. மெசின வாசலுக்குத் தூக்கிட்டு வரச் சொல்றேன். நானும் ஒரு கை புடிக்கிறேன்."

அதற்கு அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. பையைப் போட்டுவிட்டு அந்த ஈரப் புல்லிலேயே குந்தி, இத்தனை பேர் பார்க்க, வாய்விட்டு அழுதேன். அவர் வந்து என் பக்கத்தில் குந்தினார், கணுக்காலில் இரத்தத்தோடு. "என்னாத்துக்கு அழுற? கெடச்சிருச்சி புள்ள" என்றார். தெரியும் என்றேன். தெரிந்துதான் அழுதேன். அவர் என்னை விட்டுப் போகப்போவதில்லை.